ஒட்டுக்குக் கீழே பறித்த இலை

மேற்குச் சரிவில் இருந்த சிவப்புத் திராட்சை எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. மாலுமி ஒருவன் கொண்டுவந்தான் என்பார்கள், ஜெயில் கைதி நட்டான் என்பார்கள். இருபத்தாறு வருடமாக அதைக் கவாத்து செய்த அக்காவுக்கு இரண்டிலும் நம்பிக்கையில்லை. சின்னப் பழம், தடித்த தோல், வாயைக் கட்டும் துவர்ப்பு. வேறெந்தத் தோட்டத்திலும் இப்படி ஒன்று கிடையாது என்பது மட்டும் தெரியும்.

அதைப் பிடுங்கிவிட்டு வெள்ளைத் திராட்சை வைக்கக் கம்பெனி முடிவெடுத்தது. அக்கா மேனேஜரிடம் மூன்று தடவை அலைந்து ஒரு வாக்கு வாங்கினாள். இலையை லேபுக்கு அனுப்பலாம். வேறெங்கும் இல்லாத பழைய ரகமென்றால் சரிவு தப்பும்.

அப்போது அவள் மணிக்கட்டு உடைந்து கட்டோடு கிடந்தாள். இலை பறிக்க, அங்கேயே டிராக்டர் ஓட்டும் தம்பி போனான்.

ஒரு மாதத்தில் வந்த பதிலை மேஸ்திரி வாசித்தார். "எல்லா நர்சரியிலயும் ஒட்டுக்கட்ட விக்கிற வேர்ச்செடியாம். உங்க மாலுமி கப்பலேறிட்டான்மா."

அக்கா தம்பியைப் பார்த்தாள். "எங்கடா பறிச்சே?"

"கொடியிலதான். இளசா கேட்டாங்க. அடியில தளதளன்னு இருந்துச்சு, குனிஞ்சு ஒரே பிடி."

"ஒட்டு முண்டுக்கு மேலயா, கீழயா?"

அவன் கையை முழங்காலுக்குக் கீழே தாழ்த்திக் காட்டினான். வேர்ச்செடி என்பது காட்டுச்செடி; அதன் வேரில்தான் சிவப்பை ஒட்டியிருந்தார்கள். ஒட்டிய இடத்து முண்டுக்குக் கீழே முளைக்கும் போத்தெல்லாம் காட்டுச்செடியின் தளிர், சிவப்பினுடையதல்ல. வருடாவருடம் அதை அறுத்தெறிவது அக்காவின் வேலை. இந்த வருடம் அறுக்க ஆளில்லை.

"இத்தனை வருஷமா அதுக்கு நடுவுலதானேடா ஓட்டறே?"

"நான் சக்கரத்தைப் பாத்தேங்கா, செடியை எங்க பாத்தேன்."

மறுபடி இலை அனுப்பக் கேட்டுப் போனபோது மேனேஜர் தலை நிமிரவில்லை. "கொடியை எடுக்கக் கையெழுத்தாயிடுச்சும்மா. இலை மாறிப்போச்சுன்னு மேல போய்ச் சொன்னா, என்னையும் சேத்துப் பிடுங்குவாங்க."

திங்கட்கிழமை கொடிகளில் சங்கிலி மாட்டினார்கள். தம்பியின் டிராக்டர்தான் இழுக்க வேண்டும்.

"வேணாம்னு சொல்லுக்கா, இறங்கிடறேன்."

"நீ இறங்கினா இன்னொருத்தன் ஏறுவான். ஓட்டு."

ஒற்றைக் கையால் அவள் பந்தல் கம்பியைச் சுருட்டினாள். மூன்றாம் நாள் சரிவு மொட்டையானது. அங்கே இருந்தது வேர்ச்செடி என்றுதான் லேப் காகிதத்தில் இருக்கிறது. அதைத் திருத்த, மறுபடி இலை பறிக்கக் கொடியில்லை.

பிடுங்குவதற்கு முன் முண்டுக்கு மேலே வெட்டிய இருபது குச்சிகளை வாளித் தண்ணீரில் வைத்திருந்தாள். குச்சி வேர்விடும் பருவமில்லை என்று அவளுக்குத் தெரியாததல்ல. ஆறாம் நாள் எல்லாம் கறுத்தன. தம்பி வாளியைக் கொட்டப் போனான்.

"வை கீழ" என்றாள்.

அடுத்த வாரமும் தண்ணீர் மாற்றினாள்.