ஒரு காதுக்கு ஒரு ஹெட்போன்

அக்கா ஹெட்போன் வாங்கப் போவதாகச் சொன்னதும் வீட்டில் முதலில் சிரித்தது தம்பிதான். வயிறு வலிக்கச் சிரித்து முடித்துவிட்டு, "ஒத்தக் காதுக்கு எதுக்குக்கா ரெண்டு பக்க ஹெட்போன்? பாதி விலைக்குத் தருவானா?" என்று கேட்டான். தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் நழுவினாள்.

அக்கா சிரிக்கவில்லை. "நல்லதா ஒண்ணு வாங்கணும். இருக்கறதுலயே நல்லது," என்றாள்.

ஐந்து வயதில் வந்த காய்ச்சல் போகும்போது அக்காவின் இடது காதையும் கையோடு கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் அவள் பள்ளிக்கூடம் முடித்தாள், பஸ் டெப்போ பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள், இந்தத் தம்பியையும் ஆளாக்கினாள். பட்டறையில் சீட்டுத் தைப்பது அவள் வேலை. கிழிந்த ரெக்சினை உரித்து, அமுங்கிப்போன ஸ்பாஞ்சை மாற்றி, புது உறையை இழுத்து மாட்டுவாள். நாள் முழுக்கச் சுத்தியல் சத்தம், எஞ்சின் சத்தம், மேஸ்திரி சத்தம். இதற்கு நடுவில் யாரோ ஆணியில் தொங்கவிட்ட ரேடியோவில் வரும் பாட்டை, வலது காதைத் திருப்பித் திருப்பிப் பொறுக்கி எடுத்துக் கேட்பாள். இத்தனை வருஷமாக ஒரு பாட்டைக்கூட முழுசாகக் கேட்டதில்லை என்ற கோபம் அவளுக்குள் ஊறிக்கிடந்தது. அந்தக் கோபம்தான் இப்போது ஹெட்போன் கேட்டது.

அந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. அக்காவுக்குத் தெரியக்கூடாத பேச்சை அவளுக்கு இடப்பக்கம் வைத்துக்கொள்வார்கள். அடுத்த அறைக்கு எழுந்து போகிற சிரமமெல்லாம் கிடையாது. நாற்காலியை அந்தப் பக்கம் நகர்த்திப் போட்டு, குரலைக் கொஞ்சம் இறக்கினால் போதும். அவளுக்கு ஏதோ முணுமுணுப்பு கேட்கும், வார்த்தை பிடிபடாது. அவளைக் கட்டிக்கொள்ள வந்தவர் பின்வாங்கியதும், அப்பா பிழைக்கமாட்டார் என்று டாக்டர் சொன்னதும் அப்படித்தான் அவளை வைத்துக்கொண்டே பேசப்பட்டன. முதலில் தெரியவேண்டியவள் கடைசியாகத்தான் தெரிந்துகொண்டாள். யாராவது எழுந்து தன் இடது பக்கம் வந்து உட்கார்ந்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தம்பிக்கு வீட்டில் மந்திரி என்று பெயர். எந்த விஷயமானாலும் கருத்துச் சொல்லாமல் விடமாட்டான் என்பதால் வந்த பட்டம். அன்றைக்கும், "நீ தனியாப் போனா தலையில மொளகா அரைச்சுருவாங்க," என்று சொல்லிவிட்டு அவளுடன் கிளம்பினான்.

கடை பெரிது. ஒரு சுவர் பூராவும் டிவிகள் ஆளுக்கொரு பக்கம் கத்திக்கொண்டிருந்தன. ஹெட்போன் பகுதியில் இருந்த விற்பனையாளர் நடு வயதுக்காரர், கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டிருந்தார். பத்துப் பன்னிரண்டு ஹெட்போன்களை வரிசையாகக் கொக்கியில் மாட்டி வைத்திருந்தார்.

அக்கா தன் போனை எடுத்து, தனக்குப் பிடித்த பாட்டைப் போட்டாள். பழைய படப்பாட்டு. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் ஒரு புல்லாங்குழல் வரும். அது வரும் நேரத்தில் பட்டறையில் எவன் சுத்தியலைத் தூக்கினாலும் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான்.

முதல் ஹெட்போனை மாட்டினாள். குரல் வந்தது, வயலின் வந்தது. ஆகா என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். முதல் சரணம் முடிந்தது. புல்லாங்குழலைக் காணோம். அந்த இடத்தில் தாளம் மட்டும் தனியாக ஓடியது.

"இதுல குழல் இல்லையே," என்றாள்.

"அது எங்க போகும்?" என்று மந்திரி அதை வாங்கித் தன் தலையில் மாட்டினான். "இருக்கே, ஜம்முனு இருக்கே. இந்தப் பக்கம் கேக்குது." தன் இடது காதைத் தட்டிக் காட்டினான்.

அக்கா பிடுங்கி, இடம் வலம் மாற்றி மாட்டிப் பார்த்தாள். குழல் வந்துவிட்டது. ஆனால் வயலின் கூட்டம் மொத்தமும் ஓடிப்போயிருந்தது. ரேடியோவில் எல்லாம் ஒன்றாகக் கலந்து வந்தது, இதில் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து நின்றன. இவ்வளவு ஆசைப்பட்டு வந்தும் பாதிதானா?

"நான்தான் சொன்னேனே! இதெல்லாம் ரெண்டு காது உள்ளவங்களுக்குக்கா. பேசாம வீட்டுக்குப் போகலாம் வா," என்றான் மந்திரி.

"ஒரு பக்கம் மட்டும் இருக்கறதும் வருதும்மா. போன்ல பேசிட்டே வேலை பாக்கறவங்க போடறது," என்று விற்பனையாளர் தயக்கத்தோடு ஒன்றை எடுத்தார். "இடது பக்கம் உங்களுக்கு வீண்தானே?"

"அதுவும் என் காதுதான் சார்," என்றாள் அக்கா. "சம்பாதிக்காதவங்களுக்கு வீட்டுல சோறு போடறதில்லையா?"

போன வருஷம் மூன்று மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருந்த மந்திரி, டிவியில் ஓடிய பந்தாட்டத்தைப் பார்க்க அந்தப் பக்கம் போய்விட்டான்.

"ரெண்டு பக்கம் வர்றதையும் ஒண்ணாக் கலந்து குடுக்க ஒரு வழியும் இல்லையா? எல்லாம் ரெண்டு காதுக்காரனுக்கேவா பண்ணி வச்சிருக்கான்?" என்று அக்கா விடவில்லை. அவள் கேட்ட வேகத்தில் விற்பனையாளர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, அவள் போனை வாங்கி செட்டிங்ஸுக்குள் போனார். காது, கண் சரியில்லாதவர்களுக்கென்று ஒரு பக்கம் இருந்தது. அவரே அதுவரை அதைத் திறந்து பார்த்ததில்லையாம். "மோனோ ஆடியோ"வை ஆன் செய்து நீட்டினார்.

பாட்டு மறுபடி ஓடியது. முதல் சரணம் முடிந்தது. குழல் வந்தது, அதன் கீழே வயலின்களும் வந்தன. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. கொக்கியில் இருந்த ஒவ்வொன்றையும் இறக்கி, அதே பாட்டை வைத்துக் கேட்டாள். ஒன்று மண்டையை இடுக்கிபோல் பிடித்தது. இன்னொன்றில் மேல் வீட்டில் கட்டிலை நகர்த்துவதுபோல் ஒரே திடும் திடும். பெட்டியில் பெரிய படம் போட்ட ஒன்றில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. கறுப்பில் ஒன்று, பார்க்கச் சாதாரணமாக இருந்தது, மாட்டியதும் தலையில் கனமே தெரியவில்லை. பல்லவி தொடங்குமுன் பாடகி மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. அக்கா திடுக்கிட்டு அதை மட்டும் மூன்று தடவை திருப்பிக் கேட்டாள். அந்த அம்மாளும் மூச்சு வாங்கித்தான் பாடியிருக்கிறாள்!

"இதான்," என்றாள். விலைச்சீட்டைப் பார்த்தாள். கொஞ்சம் உறைத்தது, ஆனாலும் கீழே வைக்கவில்லை.

விற்பனையாளருக்கும் இப்போது உற்சாகம் வந்துவிட்டது. "அதே பக்கத்துல இன்னொண்ணும் இருக்கும்மா. போனை எங்க வைக்கறீங்களோ, அங்க பேசறது அப்படியே ஹெட்போன்ல வரும். கூட்டத்துல பேசறது கேக்கலன்னா உதவும்." அதை ஆன் செய்து போனை மேசையில், அக்காவுக்கு இடப்பக்கமாக வைத்தார். மேசையை விரலால் தட்டினார். அக்காவின் வலது காதுக்குள் டொக் டொக் என்று கேட்டது. அவள் சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து மந்திரி திரும்பி வந்தான். அக்கா தலையில் ஹெட்போன் இருந்தது. வழக்கம்போல அவளுக்கு இடப்பக்கம் வந்து, மேசையில் முழங்கையை ஊன்றிக் குரலை இறக்கினான்.

"சார், விலை கூடினதெல்லாம் இவங்ககிட்ட காட்டாதீங்க. பாதிதான் கேக்குது, எதைப் போட்டாலும் இவங்களுக்கு ஒண்ணுதான். மலிவா ஒண்ணை எடுத்து, இதுதான் உசத்தின்னு சொல்லுங்க. நம்பிடுவாங்க."

விற்பனையாளர் போனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார்.

அக்காவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் போன் வழியாக வலது காதுக்குள்ளேயே விழுந்தது. அவன் கெட்டவன் இல்லை. அக்கா பணம் வீணாகிறதே என்ற கவலைதான் அவனுக்கு. அதுதான் அவளை இன்னும் சுட்டது. இவ்வளவு வருஷமும் இப்படித்தான், கவலையோடும் பாசத்தோடும், அவளுக்கு எது போதும் என்று அவளை உட்காரவைத்தே முடிவு பண்ணியிருக்கிறார்கள்.

ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள். "என்னடா சொன்ன?"

"ஒண்ணுமில்லக்கா. தள்ளுபடி உண்டான்னு கேட்டேன்."

"மலிவா ஒண்ணை எடுத்து இதுதான் உசத்தின்னு சொன்னா நான் நம்பிடுவேன். அப்படித்தானே?"

மந்திரி மேசையில் ஊன்றியிருந்த முழங்கையைச் சட்டென்று எடுத்தான்.

"யாருடா சொன்னா எனக்குப் பாதிதான் கேக்குதுன்னு?" அக்காவின் குரல் ஏறியது. டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள், அவள் பொருட்படுத்தவில்லை. "உனக்கு ரெண்டு இருக்கு. ஒண்ணு மக்கர் பண்ணினா இன்னொண்ணு பாத்துக்கும். எனக்கு அந்த வசதி கிடையாது. இருக்கறது ஒண்ணே ஒண்ணு. அதுக்கு உசத்தியானதுதான் போடுவேன். நான் தைச்சுச் சம்பாதிச்ச காசு, என் காது. நீ யாருடா நடுவுல?"

"நல்லதுக்குத்தானேக்கா..."

"என் நல்லதை என்கிட்ட பேசு. என்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டு இன்னொருத்தர்கிட்ட பேசாத. இவ்வளவு நாள் பேசினது போதும்."

அக்கா கறுப்பு ஹெட்போனுக்குப் பணத்தை எண்ணி வைத்தாள். பெட்டியில் போட்டுத் தரட்டுமா என்று விற்பனையாளர் கேட்டதற்கு, வேண்டாம், மாட்டிக்கொண்டே போகிறேன் என்றாள்.

பஸ்ஸில் இருவருக்கும் ஒரே சீட்டில் இடம் கிடைத்தது. அக்கா பாட்டைப் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மந்திரி இரண்டு நிறுத்தம் வரை கையைப் பிசைந்துகொண்டிருந்துவிட்டு, அவள் தோளைத் தொட்டான். "அக்கா, தப்புத்தான்க்கா. ஒரு நிமிஷம் பேசலாமா?" என்று கேட்டான்.

அக்கா திரும்பாமல் கையை மட்டும் தூக்கினாள். "பாட்டு முடியட்டும்."

பிறந்ததிலிருந்து யாருக்காகவும் பேச்சை நிறுத்தியிராத மந்திரி, வாயை மூடிக்கொண்டு காத்திருந்தான். பாட்டு முடிந்தது. அக்கா அதையே மறுபடி முதலிலிருந்து போட்டாள்.