யாருக்கு வாங்கிய பொலி

அன்று காலை தேயிலைத் தோட்டத்தின் பத்தாம் நம்பர் மலையில் நின்றவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். அங்கே நில்லாதவர்கள்தான் பிற்பாடு அதிகம் பேசினார்கள். றோலண்ட் துரை இருந்தார். அவருக்குப் பின்னால் குடையை ஊன்றிக்கொண்டு கணக்கப்பிள்ளை இராமையா நின்றார். இராயப்பன் கங்காணி இருந்தார், அவருடைய மகன் இக்னேசியஸ் இருந்தான். கொழுந்து நிரைகளில் பேச்சியம்மா, மீனம்மா, இன்னும் இராயப்பனுடைய கணக்கில் வேலைசெய்த பெண்கள் அத்தனை பேரும் கூடையோடு நின்றார்கள். கங்காணியின் மனைவி இராசம்மா வீட்டில் இருந்தாள். வேறு ஒருவரும் அங்கே இல்லை.

பொகவந்தலாவைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்துக்கு இராயப்பனின் பாட்டனார் திருச்சிச் சீமையிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு வந்தவர். பாட்டனாருக்குப் பின் தகப்பனார், தகப்பனாருக்குப் பின் இராயப்பன். வெள்ளிப் பூண் போட்ட கருங்காலித் தடியொன்று அப்படியே கை மாறி வந்தது. அந்த வீட்டு ஆண்கள் துரைக்கு முன்னால் தலைப்பாகையைக் கழற்றுவார்கள், முதுகை வளைத்ததில்லை. தொழிலாளர் குடியிருந்த லயத்தின் கோடியில் தனியாக இருந்த கங்காணி வீடும் அந்தப் பதவியோடு சேர்ந்ததுதான். பதவி போனால் வீடும் போகும். இக்னேசியஸின் இலங்கைக் குடியுரிமை மனுவைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஆகவே தோட்டத்துக்கு வெளியே அவனுக்கு ஒரு நல்ல உத்தியோகத்தை எதிர்பார்க்கவும் முடியாது.

றோலண்ட் துரை கொழும்பில் பிறந்த, ஐரோப்பிய வழிவந்த பறங்கியர். அறுபத்தோராம் வருடம் வெள்ளைக்காரத் துரை கப்பலேறிய பிறகு தோட்டத்தை நடத்த வந்தவர். வந்ததும் வராததுமாக லயத்துப் படிகளில் உட்கார்ந்து, உனக்கு என்ன வேலை தெரியும், இன்னும் என்ன பழக ஆசை என்று ஆள் ஆளாகக் கேட்டார். அதுவரை எந்தத் துரையும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஒவ்வொருத்தியாகப் பதில் சொல்லவும் செய்தார்கள். துரை படியில் உட்காருவது இராயப்பனுக்குப் பிடிக்கவில்லை. உட்காருகிறவருக்கும் அது மரியாதை இல்லை, உட்கார வைத்தவர்களுக்கும் இல்லை என்பது அவருடைய எண்ணம்.

டிசம்பரில் நத்தார்ப் பெருநாளோடு இராயப்பன் ஓய்வு பெற வேண்டியிருந்தது. ஆபீசுக்குக் கூப்பிட்டு, துரை நாற்காலி காட்டினார். இராயப்பன் நின்றார்.

"எனக்கு ஆளை வெரட்டுறவன் வேணாம் கங்காணி. ஆளை வளக்கிறவன் வேணும்."

"வளத்துத்தானே தொரை வச்சிருக்கோம், மூணு தலமொறையா."

"அப்படின்னா ஏன் எல்லாரும் இன்னும் கூடையோடயே நிக்கிறாங்க?"

 

துரையின் ஏற்பாடு இதுதான். இக்னேசியஸ் ஒரு பதினைந்து நாள் கங்காணி வேலை பார்க்க வேண்டும். அடுத்த பதினைந்து நாள் கொழுந்து பறிக்கிற பேச்சியம்மா பார்க்க வேண்டும். யாருடைய கையில் ஆட்கள் நன்றாக வருகிறார்களோ அவர்களுக்கு வேலை. அதுவரை பழைய கங்காணி மலையில் இறங்கக் கூடாது. சேலை கட்டிய கங்காணி என்ற பேச்சு கொழுந்து அரைக்கிற ஸ்டோர் வரைக்கும் போய்ச் சிரிப்பாய்ச் சிரித்தது. கணக்கப்பிள்ளை இராமையா, "தலப்பா கட்டுறதுக்குக் கொண்டைய எங்க வைக்கிறதாம்?" என்று கேட்டுக்கொண்டு திரிந்தார். பேச்சியம்மா ஒருமுறை காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் எதிர்த்துப் பேசியதற்காக இராயப்பனால் வேலை மறுக்கப்பட்டு வீட்டுக்குத் திரும்பிப் போனவள். அதற்காக அவள் மன்னிப்புக் கேட்டதும் இல்லை, அவர் எதிர்பார்ப்பதை விட்டதும் இல்லை.

மலையில் ஒரு வழக்கம் உண்டு. முதல் கொழுந்து கூடையில் விழுவதற்கு முன்னால் கங்காணி "பொலி" என்று குரல் கொடுக்க வேண்டும். நிரையில் நிற்கிற பெண்கள் "பொலி, பொலியோ பொலி" என்று அந்தக் குரலை வாங்க வேண்டும். விளைச்சல் பெருகட்டும் என்பதுதான் அதன் பொருள். இராயப்பன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு சொல்வார். பெண்கள் மாடசாமியை நினைத்துக்கொண்டு வாங்குவார்கள். எந்தத் துரையும் எழுதிவைத்த சட்டம் அல்ல அது. ஆனால் மனம் ஒப்பாத கங்காணிக்குப் பொலி வாங்க மாட்டார்கள். கை வேலை செய்யும், வாய் திறக்காது.

இக்னேசியஸின் முறை வந்தபோது இராயப்பன் துரையின் சொல்லை மீறவில்லை. மலையில் இறங்கவில்லை. மேலே வண்டி ரோட்டில் தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். ரோடு மலை ஆகாது. மகன் குரல் கொடுத்தான்; நிரை முழுவதும் வாங்கியது. மறுநாளும் வாங்கியது. வீட்டுக்கு வந்து, "நம்ம ரத்தம் எங்க போகும்" என்று இராசம்மாவிடம் சொன்னார்.

பிறகு அவருக்குக் காய்ச்சல் கண்டது. ரோட்டுக்குப் போக முடியாமல் கம்பளிக்குள் கிடந்தபடி காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார். இக்னேசியஸின் குரல் பனியைத் தாண்டி வந்தது. இன்னொரு முறை வந்தது. அதற்குப் பின் ஒன்றும் வரவில்லை. காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டார். சாயங்காலம், கொழுந்து குறைந்ததால் மீனம்மாவுக்குப் பாதிநாள் சம்பளம் மட்டும் கிடைக்கும்படி அரைப்பேர் போட்டுவிட்டதாக மகன் வந்து சொன்னான்.

"அவளுக்கு வெரல்ல வெட்டுக்காயம்டா. தெரியாதா ஒனக்கு?"

"அவ வந்து சொல்லியிருக்கணும்ல."

"நீ கேட்டியா?"

இக்னேசியஸ் அப்பாவைப் பார்க்காமல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "நீங்க மட்டும் கேட்டீங்களாக்கும்," என்றான். உண்மைதான். இராயப்பன் கேட்டதில்லை. அவரிடம் வந்து சொன்னார்கள். ஏன் தன்னிடம் சொன்னார்கள், அவனிடம் ஏன் சொல்லவில்லை என்று அவர் அன்று வெகுநேரம் யோசித்துக்கொண்டு கிடந்தார்.

பேச்சியம்மாவின் முறை வந்தபோது இராயப்பன் ரோட்டுப் பக்கமே போகவில்லை. அவளை எட்டிப் பார்க்க நின்றதாக ஒருவரும் சொல்லிவிடக் கூடாது. வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து முகம் மழித்துக்கொண்டிருந்தார். பேச்சியம்மா குரல் கொடுத்தாள். அவள் குரலில் ஓசை குறைவு. பாதி இருமல் போலத்தான் இருக்கும். ஆனால் அதை வாங்கிய குரல்கள் தேயிலைச் சரிவு முழுவதிலிருந்தும் கிளம்பி, லயத்தைத் தாண்டி, கங்காணி வீட்டுத் தகரத்தில் வந்து முட்டின. அதே வீடு. காற்றும் அன்றைக்கு அடித்த அதே பக்கம்தான் அடித்தது. சவரக்கத்தி கன்னத்தில் கீறியதை இராசம்மா சொல்லித்தான் அவர் கவனித்தார்.

முடிவு சொல்லும் நாள் வந்தது. முதல்நாள் சாயங்காலம் இக்னேசியஸ், "நாளைக்குத் தொரை ஒங்களத்தான் கேப்பாரு. நம்ம பேர விட்டுறாதீங்கப்பா," என்றான். இராயப்பன், "விட மாட்டேன்," என்றார். அதைச் சொல்லும்போது எந்தப் பேரை நினைத்துச் சொன்னார் என்பது அவருக்கே தெளிவாக இருக்கவில்லை.

துரை எல்லோரையும் பத்தாம் நம்பருக்கு வரச் சொல்லியிருந்தார். பொலி விஷயம் யாரோ சொல்லி அவர் காதுக்கும் எட்டியிருந்தது. "ரெண்டு பேரும் ஒருக்கா சொல்லுங்க. கேப்போம்," என்றார்.

இக்னேசியஸ் குரல் கொடுத்தான். பெண்கள் அவனைப் பார்க்கவில்லை. பாதையோரத்தில் நிமிர்ந்து நின்ற இராயப்பனைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, "பொலி, பொலியோ பொலி" என்று நிறைவாக வாங்கினார்கள்.

அடுத்து பேச்சியம்மா. அவள் சொல்லி முடித்ததும் பெண்கள் மறுபடியும் இராயப்பனைப் பார்த்தார்கள். அவர் எதிரில் இன்னொருத்திக்கு வாங்குவது எப்படி என்று தயங்கினார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் குரல் எழுந்தது. பேச்சியம்மா கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டு கீழே பார்த்தாள்.

றோலண்ட் துரை நல்ல மனிதர். நல்ல மனிதருக்கும் கண்ணில் பட்டதுதான் கண்ணில் படும். "நான்தான் அவசரப்பட்டுட்டேன் போல கங்காணி. இவங்க ஒங்க மகனைத்தான் ஏத்துக்கிறாங்க," என்றார்.

"ரத்தம் தொரை, ரத்தம்," என்றார் இராமையா.

இராயப்பன் மகனின் முகத்தைப் பார்த்தார். அவன் அதை நம்பிவிட்டான். சின்ன வயதில் பொகவந்தலாவைக் கோயில் திருநாளில் மாதா சுரூபம் தூக்க அவனையும் சேர்த்துக்கொண்டபோது முகம் எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. பேசாமல் நின்றால் போதும். வீடு நிற்கும், பேர் நிற்கும், பாட்டனார் கொண்டுவந்தது எல்லாம் நிற்கும். அவர் ஒரு பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தன்னுடைய மரியாதையைத் திருடி மகனுக்குப் போட்டுவிட்டு, அதையே மகனுடையது என்று ஊருக்குக் காட்டுவது அந்தக் குடும்பத்து வழக்கம் அல்ல.

"தொரை, நான் அந்த வளைவுக்கு அங்கிட்டுப் போயிர்றேன். மறுக்கா சொல்லச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"இப்ப வாங்கினது எனக்கு வாங்கின பொலி."

"அப்பா," என்றான் இக்னேசியஸ். மெதுவாகத்தான் சொன்னான்.

இராயப்பன் நடந்தார். வளைவைத் தாண்டி, தன் தலைப்பாகைகூடத் தெரியாத இடத்தில் பாறையோடு சேர்ந்து நின்றார். மகனின் குரல் வந்தது. பதில் இல்லை. மறுபடியும் வந்தது, இந்தமுறை நடுவில் உடைந்தது. அதற்கு ஒரே ஒரு குரல் "பொலி" என்றது. மீனம்மா. அரைப்பேர் வாங்கியவள் இரக்கப்பட்டுச் சொன்னாள். ஒருவரும் சொல்லாமல் இருந்திருந்தால்கூட இராயப்பன் அதைத் தாங்கியிருப்பார்.

பிறகு பேச்சியம்மாவின் இருமல் குரல். அதை மலை முழுவதும் வாங்கியது. இராயப்பன் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு அதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

பேச்சியம்மா கங்காணியானாள். அன்று சாயங்காலமே அவள் கங்காணி வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை.

"என்னைய இழுத்து முன்னால விட்டுட்டீங்க கங்காணியாரே. எங்க வீட்டு மனுசன் சோறு திங்க மாட்டேங்குறான். பொண்டாட்டிக்கிட்டப் போயிப் பேரு போடச் சொல்லி நிக்கணுமான்னு கேக்குறான்."

"பசிச்சா திம்பான்."

"ஒங்களுக்கு லேசு. பேசிட்டு வந்து கதவச் சாத்திக்கிட்டீங்க. நாளைக்கு அத்தன பேரு ஏச்சுக்கும் நான்தானே நிக்கணும்?"

"நிக்கத்தான் வேணும். எங்களுக்கும் லேசா கெடைக்கல," என்றார் இராயப்பன். அவள் போன பிறகு, அது பாதிதான் உண்மை என்று அவருக்குத் தோன்றியது. பாட்டனாருக்கு லேசாகக் கிடைத்திருக்காது. தனக்கு லேசாகத்தான் கிடைத்தது.

இராசம்மா அடுப்படியிலிருந்து திரும்பாமலே பேசினாள். "பெத்த புள்ளைய மலையில வச்சு வெட்டிட்டு வந்து நிக்கிறீங்க. கவ்வாத்து வெட்டுனாக்கூட மரம் தழைக்கணும்னுதான் வெட்டுவாங்க."

தழைக்கத்தான் இல்லை. ஸ்டோரில் ஒரு வேலை பழகலாம் என்று துரை இரண்டு முறை ஆள் அனுப்பியும் இக்னேசியஸ் போகவில்லை. நத்தார் முடிந்ததும் கினிகத்தேனைக்குப் போய் ஹசன் முதலாளியின் கடையில் வேலைக்கு நின்றான். அப்பாவுக்கு வணக்கம் சொல்லி அனுப்புவான், வர மாட்டான். வீட்டைக் காலி செய்யும்படி துரை சொல்லவில்லை. இராயப்பன் தானே சாமான்களை எடுத்துக்கொண்டு லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவுக்கு மாறினார். பேச்சியம்மாவும் அந்த வீட்டுக்குப் போக மறுத்துவிட்டாள். அது அந்த வருடம் முழுவதும் பூட்டிக் கிடந்தது. அந்த வழியாக வேலைக்குப் போகிற பெண்கள் அவ்விடத்தில் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

பெரட்டுக் களத்தில் எல்லோரும் பார்க்க, றோலண்ட் துரை இராயப்பனின் கையிலிருந்த தடியைப் பிடுங்கிப் பேச்சியம்மாவிடம் கொடுத்தார் என்று கினிகத்தேனைக் கடைகளில் ஒரு பேச்சு இருக்கிறது. நடந்தது பெரட்டுக் களத்தில் அல்ல. துரை எதையும் பிடுங்கவில்லை. தடி அன்று வீட்டில், மாதா படத்துக்குக் கீழே இருந்தது. இராசம்மா அதை எடுத்து நீட்டியபோது இராயப்பன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு மலைக்குப் போனார்.