சப்பாத்துக்குள் தரங்கம்பாடி

“சப்பாத்தைக் கழட்ட வேண்டாமெண்டெல்லோ சொன்னனான். உதை இஞ்சை கொட்டினால் மெஷின் பழுதாப்போகும். பேந்து ஆர் பதில் சொல்லுறது?”

“கழட்டாமல் என்னெண்டு நடக்கிறது? நீங்கள் ஒருக்காப் போட்டுப் பாருங்கோ. கால் சுடுது.”

“வெளியிலை ரண்டு பாகை. உமக்குக் கால் சுடுதோ?”

“ஓம், சுடுது. பொய் சொல்ல எனக்கென்ன விசரே?”

டென்மார்க்கில், இக்காஸ்ட் நகரத்தில் ஒரு தொடர்மாடியின் நிலக்கீழ் அறையில், உடுப்புத் தோய்க்கிற இடத்துக்கு வெளியே நின்று கீழ்வீட்டு மேனுஜா கேட்ட சண்டை இவ்வளவுதான். உள்ளே நின்றவர்கள் மேல்மாடி அன்புராஜாவும் அவர் மனைவி கிளோறியாவும். பிறகு கிளோறியா இடது சப்பாத்தைக் கவிழ்த்தாள். கால் கிலோவுக்குக் குறையாத மணல் கொட்டியது. வலது சப்பாத்தில் கொஞ்சம் குறைவு. மணல் இளஞ்சூடாக இருந்தது. சிவப்புத் துகள்களும் நகத்தளவு சிப்பிகளும் கிடந்தன. நடுவில் கறுப்பாக ஒரு நூல்போல ஓடியது. அக்டோபர் மாதம், சனிக்கிழமை, காலை பத்து மணி. மேனுஜா தன் படுக்கை விரிப்புகளை எடுத்துக்கொண்டு மேலே போனாள். அந்தச் சண்டையிலிருந்து நடந்ததெல்லாம் அவள் சொன்னதும், கிளோறியா பிறகு அவளுக்குச் சொன்னதும்தான்.

சப்பாத்திலிருந்து மணல் வருவது அந்தப் பக்கத்தில் புது விசயம் இல்லை. இக்காஸ்டிலிருந்து காரில் இருபது நிமிசம் போனால் ஒரு சின்ன நகரம். அங்கே மூடிப்போன நெசவாலையின் பழைய கந்தோர்க் கட்டடத்தில் தரங்கம்பாடி முதற்குடியேறிகள் சங்கம் இருக்கிறது. நானூறு வருசத்துக்கு முன் கப்பலேறிப் போய், தமிழ்க் கரையில் கோட்டை கட்டி, மிளகும் துணியும் ஏற்றிய டெனிஷ்காரரின் வழிவந்தவர்களைத் தேடிப்பிடித்து, வருசத்துக்கு ஒருமுறை நவம்பரில் நீல நாடா குத்தி, சான்றிதழ் கொடுத்து, பாட்டுப் பாடி, கோப்பியும் கேக்கும் கொடுத்து அனுப்புவது அதன் வேலை. மூன்று வருசத்துக்கு முன் அப்படி ஒரு விழாவில், செயலாளர் கத்தரீனா பெயர்களை வாசிக்க வாசிக்க, எழுந்து நின்ற இருபத்தாறு பேரின் சப்பாத்துகளிலிருந்தும் மணல் வழிந்தது. ஒருவரும் கத்தவில்லை. யாரோ கூட்டுவதற்குத் தும்புத்தடி எங்கே என்று கேட்டார்கள். படித்தவர் ஒருவரிடம் மணலை அனுப்பினார்கள். இது எஸ்பியர்க் பக்கத்துக் கடல்மணல் இல்லை, தென்னிந்தியக் கிழக்குக் கரையின் மணல் என்று அவர் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினார். அதற்குப் பிறகு சங்கத்தில் சேரக் கூட்டம் கூடியது. பத்தொன்பது வருசம் தலைவராக இருந்து, தன் குடும்ப மரத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்த மனுசனுக்கு மட்டும் ஒரு மணி மணலும் வரவில்லை. அவர் ஒருநாள் எஸ்பியர்க் போய்ச் சப்பாத்துகளை நிரப்பிக்கொண்டு வந்து கூட்டத்தில் கவிழ்த்தார். மணல் வெள்ளையாகவும் குளிராகவும் இருந்தது. சிரித்தார்கள். அவர் பிறகு வரவில்லை.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, மணல் வருகிறவர்கள் ஒரு மணித்தியாலம் கதிரையில் இருப்பார்கள். விழுகிற மணலை நிறுத்துக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, குடும்பப் பெயர் ஒட்டி, அலுமாரியில் வைப்பார்கள். ஒரு குடும்பத்து மணல்போல இன்னொரு குடும்பத்து மணல் இருக்காது. புதுத் தலைவர் நிக்கலஸுக்குத்தான் அதிகம்: ஆயிரத்து இருநூறு கிராம், நடுவில் கறுப்பு நூல். அதனால்தான் அவரைத் தலைவராக்கினார்கள்.

கிளோறியா அந்தக் கட்டடத்தைச் செவ்வாயும் வெள்ளியும் கூட்டித் துடைக்கிறவள். ஊர் பருத்தித்துறை. வயது ஐம்பத்துநாலு. டென்மார்க் வந்து முப்பத்தொரு வருசம். வந்த புதிதில் இக்காஸ்டில் தையல் தொழிற்சாலையில் இருந்தாள். வேலை வெளிநாட்டுக்குப் போனபோது தும்புத்தடியைப் பிடித்தாள். முதலில் தன் சப்பாத்து மணலை அவள் கணக்கெடுக்கவேயில்லை. கூட்டுகிறபோது உள்ளே போயிருக்கும் என்றுதான் நினைத்தாள். இரண்டு கிழமை லீவில் வீட்டில் இருந்தபோதும் வந்தது. ஞாயிறு ஜெபக்கூட்டத்தில் கையைத் தூக்கிப் பாட எழும்பியபோது முன்வரிசைவரை போனது. பாஸ்டர் தலையில் கை வைத்து ஜெபித்தார். கை வைத்திருந்த நேரம் முழுக்க மணல் கொட்டியது.

அன்புராஜா சப்பாத்தைக் கழட்டவேண்டாம் என்று மணலை ஒளிக்கச் சொன்னதற்குக் காரணம் மெஷின் இல்லை. வீட்டில் அவருக்கும் மகள் டிலக்ஷிக்கும் டெனிஷ் கடவுச்சீட்டு. கிளோறியாவுக்கு மட்டும் இல்லை. மூன்றுதரம் குடியுரிமைச் சோதனையில் விழுந்தவள். விமான நிலையத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒரு வரிசையில் போய் முடித்து, அந்தப் பக்கம் பைகளோடு காத்திருப்பார்கள். இவள் மற்ற வரிசையில் நிற்பாள். நாலாம்தரம் பாஸ். டென்மார்க் தரங்கம்பாடியை எப்போது வாங்கியது, எப்போது விற்றது என்பதெல்லாம் பாடமாக்கி வைத்திருந்தாள். குடியுரிமை மனு அதிகாரிகளின் மேசையில் இருந்தது, வசந்தத்துக்குள் பட்டியலில் பெயர் வரும் என்றார்கள். இந்த நேரத்தில் சங்கத்து மணலை எடுத்தாள் என்று பொலிசில் ஒரு முறைப்பாடு விழுந்தால் எல்லாம் போய்விடும்.

முறைப்பாடு எழுதத் தயாராகத்தான் இருந்தது. அந்த இலையுதிர்காலம் முழுக்க நிக்கலஸின் மணல் குறைந்துகொண்டு வந்தது. ஆயிரத்து இருநூறு தொள்ளாயிரமாகி, பிறகு அறுநூறானது. ஒரு வெள்ளிக்கிழமை கிளோறியாவின் கார்க்கதவு திறந்திருந்தபோது அவர் எட்டிப் பார்த்தார். காலடி விரிப்பில் சிவப்பு மணல், நடுவில் கறுப்பு நூல். போத்தலிலிருந்து களவெடுக்கிறாள் என்று துப்புரவு வேலைக் கம்பனிக்கு அன்றைக்கே எழுதினார். பொதுக்கூட்டத்தில் விசாரித்துவிட்டுப் பொலிசுக்குப் போவது என்று முடிவானது.

கூட்டத்துக்குச் சங்க உறுப்பினர் ஐம்பத்துமூன்று பேர் வந்தார்கள். சங்கத்தின் விருந்தினர் ராகவேந்திரனும் வந்திருந்தார். மயிலாடுதுறைக்காரர், காற்றாலைக் கம்பனியில் இன்ஜினியர். ஒவ்வொரு வருசமும் பட்டு ஜிப்பா போட்டுக்கொண்டு வந்து தரங்கம்பாடியைப் பற்றி இருபது நிமிசம் பேசுவார். அவருக்கு மணல் வந்ததில்லை. கோப்பி மேசைக்குப் பக்கத்தில் கிளோறியாவிடம் வந்து மெதுவாகச் சொன்னார்.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. தரங்கம்பாடி எங்க ஊருக்குப் பக்கத்துலதான், பஸ்ல ஒரு மணி நேரம்கூட ஆகாது. நீங்க ஸ்ரீலங்கா. எனக்கே வரல, உங்களுக்கு எப்படி வரும்?”

“எனக்கும் அதுதான் விளங்கேல்லைத் தம்பி. ஆசையெண்டால் என்ர சப்பாத்தைப் போட்டுப் பாருங்கோவன்.”

அவர் போட்டும் பார்த்தார். வெறும் சப்பாத்து. கழட்டிக் கொடுத்துவிட்டுக் கேக் எடுக்கப் போனார்.

கடையில் வாங்கி, பெட்டி திறக்காமல் வைத்திருந்த இரண்டு சோடி சப்பாத்துகளை நிக்கலஸுக்கும் கிளோறியாவுக்கும் கொடுத்தார்கள். இருவரும் மேடையில் பக்கம் பக்கமாக ஒரு மணித்தியாலம் இருந்தார்கள். நிறுத்துப் பார்த்தபோது அவருக்கு முந்நூறு கிராம், அவளுக்குத் தொள்ளாயிரம். இரண்டும் சேர்ந்தால் அவருடைய பழைய ஆயிரத்து இருநூறு. ஒரு காணி இரண்டு பிள்ளைகளுக்குப் பிரிந்ததுபோல இருந்தது. இரண்டு குவியலிலும் ஒரே கறுப்பு நூல்.

கிளோறியா தனக்குத் தெரிந்த டெனிஷில் சொன்னாள். அவள் தகப்பன் வழியில் எல்லாருக்கும் பூனைக்கண். பருத்தித்துறையில் பட்டப்பெயரே அதுதான். எந்தக் காலத்திலோ அக்கரையிலிருந்து தோணியில் ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு வந்து இறங்கினாள் என்பார்கள். அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது. கத்தரீனா எழும்பிப் போய், தரங்கம்பாடிக் கோட்டைச் சேர்ச்சின் ஞானஸ்நானப் பதிவேட்டுப் படியைக் கொண்டுவந்து வாசித்தாள். 1741, ஆண் குழந்தை. தகப்பன், பண்டகசாலை எழுத்தர். அவர் நிக்கலஸின் முன்னோர். சங்கச் சுவரில் முதலாவது படமாகத் தொங்குகிறவர். தாய், தமிழ்ப் பெண். கல்யாணம் இல்லை. தாயும் பிள்ளையும் யாழ்ப்பாணக் கரைக்குப் போய்விட்டதாக ஓரத்தில் ஒரு குறிப்பு. தாயின் பெயர் எழுத விட்ட இடத்தில் ஒன்றும் எழுதப்படவில்லை.

பிறகு நிக்கலஸ் நல்ல மரியாதையாக ஒரு விதித் திருத்தம் கொண்டுவந்தார். கோட்டைச் சேர்ச்சில் பதிந்த கல்யாணத்தின் வழியாக வந்தவர்கள் மட்டுமே வழித்தோன்றல்கள். இரண்டாம் வரிசையில் ஒரு வயதுபோன பெண் கையை உயர்த்தி, தன் முன்னோரின் கல்யாணம் பதிவில் இல்லையே என்று கேட்டாள். இன்று முதல் சேர்பவர்களுக்குத்தான் விதி என்றார் தலைவர். அவள் நிம்மதியாகக் கையைக் கீழே போட்டுவிட்டு, வாக்கெடுப்பில் மறுபடி தூக்கினாள். ஆதரவு நாற்பத்தெட்டு, எதிர்ப்பு ஐந்து. ஐந்தில் ஒன்று கத்தரீனாவின் கை, எண்ணியதும் அவள்தான்.

நிக்கலஸ் கதையை அத்தோடு முடிக்கவில்லை. என்னிடமிருந்த மணல் இவளிடம் போயிருக்கிறது, அதை எல்லாரும் கண்டோம் என்றார். முதுசமாக, பரம்பரைச் சொத்தாகப் போகவில்லை என்று விதி சொல்கிறது. அப்படியென்றால் மிச்சம் இருப்பது களவு ஒன்றுதான். ஆனாலும் அவர் கெட்ட மனுசன் இல்லை, ஒரு வழி வைத்தார். தட்டச்சுப் பண்ணிய கடதாசி ஒன்று. சப்பாத்து மணல் துப்புரவு வேலையால் ஏற்பட்டது. சங்கத்தின் எந்தக் குடும்பத்தோடும், எந்த டெனிஷ் முன்னோரோடும் எனக்கு இரத்த உறவு இல்லை. இனிமேலும் கோரமாட்டேன். கட்டடத்துக்குள் விழுகிற மணல், யாருடைய காலிலிருந்து விழுந்தாலும், சங்கத்துக்குச் சொந்தம். கையெழுத்து வைத்தால் முறைப்பாடு இல்லை, வேலையும் இருக்கும். யோசிக்க மூன்று நாள்.

மூன்று நாளும் அந்த வீட்டில் சண்டை. மேனுஜாவின் வீட்டுக்கு எல்லாம் கேட்டது. உடுப்புத் தோய்க்கிற அறையில் ஒளிக்கச் சொன்ன அன்புராஜா இப்போது மற்றப் பக்கம் நின்றார்.

“டெனிஷ் ஆகிறதுக்கு டெனிஷ் இரத்தம் இல்லையெண்டு எழுதிக் குடுக்கவேணுமோ? உலகத்திலை எங்கையாவது கேள்விப்பட்டனீரோ?”

“மோர், பாரெ ஸ்க்ரீவ் உன்னர்,” என்றாள் டிலக்ஷி. அம்மா, கையெழுத்தைப் போடு, விடு.

“உனக்கென்ன பிள்ளை, நீ அந்தப் பக்கம் போய் நிண்டுடுவாய். வரிசையிலை நிக்கிறது நானெல்லோ.”

“அதுதான் நானும் சொல்லுறன், போடுங்கோ எண்டு!” என்றாள் மகள், அபூர்வமாகத் தமிழில்.

“பிள்ளையோடை தோணியிலை தனிய வந்தவள். அவளை ஆரெண்டு தெரியாதெண்டு என்ர கையாலை எழுதவேணும்.”

“எழுதாதையும்.”

“எழுதாட்டி நீங்கள் எனக்காக அந்த வரிசையிலை நிப்பீங்களே?”

நாலாம் நாள் காலை கிளோறியா போய்க் கையெழுத்து வைத்தாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது கத்தரீனா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த வருசம் செயலாளர் பதவியிலிருந்து அவள் விலகினாள். நாடாவும் சான்றிதழும் வழக்கம்போல நடந்தன; கேக் மட்டும் வேறு கடையில் வாங்கினார்கள்.

வசந்தத்தில் கிளோறியாவின் பெயர் வந்தது. குடியுரிமை விழாவில், கொம்யூன் மண்டபத்தில் மேயருக்குக் கை கொடுத்தாள். அவர் வாழ்த்துச் சொல்லி, வெயில் வந்துவிட்டது என்றார். அவள் நின்ற இடத்தில் கணுக்கால் உயரத்துக்கு மணல் குவிந்திருந்தது. அடுத்து வந்தவர் அதைச் சுற்றி நடந்தார். கோடையில் மூன்று பேரும் ஒரே வரிசையில் நின்று கனடா போய்த் திரும்பினார்கள். போகும்போதும் வரும்போதும் அவள் கதைக்கவில்லை என்று அன்புராஜா மேனுஜாவிடம் சொன்னார்.

நிக்கலஸுக்கு மணல் நின்றுவிட்டது. கிளோறியா கையெழுத்து வைத்த அன்றிலிருந்து ஒரு மணியும் இல்லை. ஆயிரத்து இருநூறும் இவளுக்கே வருகிறது. ஆனால் அவர் இன்னும் தலைவர், அலுமாரியில் அவருடைய போத்தல்தான் எல்லாவற்றிலும் நிறைவாக இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் கிளோறியா அந்தக் கட்டடத்தைக் கூட்டுகிறாள். கூட்டக் கூட்டத் தன் காலிலிருந்து விழுவதை அள்ளி, கடதாசியில் உள்ளபடி, அவருடைய பெயர் ஒட்டிய போத்தலில் போட்டு மூடிவிட்டு வருகிறாள். போன மாதம் இரண்டாவது போத்தல் வாங்கினார்கள்.

இப்போது விபோர்க்கில் ஒரு தமிழ் வீட்டிலும் எஸ்பியர்க்கில் இரண்டு தமிழ் வீட்டிலும் மணல் வருவதாகக் கேள்வி. இதை வாசிக்கிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். 1741இல் ஞானஸ்நானம் பெற்ற ஒரு ஆண்பிள்ளையோடு தரங்கம்பாடியிலிருந்து தோணியில் வந்து பருத்தித்துறையில் இறங்கிய அந்தப் பெண்ணின் பெயர் உங்கள் குடும்பத்தில் யாருக்காவது தெரியுமா? சரியாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வீட்டில் சொல்லக் கேட்டதை அப்படியே எழுதுங்கள். கிளோறியாவுக்கு அந்தப் பெயர் வேண்டும். தெரிந்தவர்கள் கீழே பதில் போடுங்கள்.