மூணரைக்கு வந்த நாலு பத்து

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில், மதுரை வண்டிக்கு நான் காத்திருந்தபோது, ராஜபாளையம் வண்டிக்குக் காத்திருந்த ஹெப்சிபா சொன்னது. அங்கே ஒரு மில்லில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்ப்பவள்.

"மில்லு பேரைப் போட்டிராதீக. எம்பேரைப் போட்டுக்கோங்க."

சொல்லும்போது அவள் குரலில் பயமில்லை. எழுத உட்கார்ந்த பிறகு எனக்குத்தான் வந்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: மலையடிவாரத்தில், வெண்மேகம்போல் பஞ்சு மிதந்த அந்த மாலையில், ஹெப்சி—

மில்லுக்காரர்கள் சிரிப்பார்கள். பஞ்சு அவர்களுக்கு மேகமில்லை, இருமல்.

வேறு: ஹெப்சிபா எழுதிய விதிகள் மொத்தம் அறுபத்திரண்டு.

இது போதும். மில்லில் ஒவ்வொரு மெஷினும், ஒவ்வொரு கதவும், தொழிலாளியின் அடையாள அட்டையும் நொடிக்கு நொடி கம்ப்யூட்டருக்குச் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒரு மெஷின் நின்றால் அது செய்தியே இல்லை. கதவு சாத்தியிருந்தால் அதுவும் இல்லை. சில சேதிகள் சேர்ந்து வந்தால்தான் அர்த்தம். அந்தச் சேர்க்கையைக் கண்டுபிடிக்க ஒரு மென்பொருள். கண்டுபிடித்ததும் கோப்பு ஒன்றைத் திறந்து, யார் என்ன செய்யவேண்டும் என்று வரிசையாக வேலையை நகர்த்த இன்னொன்று. இரண்டையும் இணைத்தவள் ஹெப்சிபா.

நாற்பத்தோராவது விதி இது: பஞ்சு பிரிக்கும் அறையில் ஒருவருடைய அட்டை அசையாமல் கிடக்கிறது, மெஷின் நின்றிருக்கிறது, கதவு திறக்கவில்லை. மூன்றும் சேர்ந்து பத்து நிமிடம் நீடித்தால் உள்ளே ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது. மேனேஜருக்கும் ஆம்புலன்ஸுக்கும் வீட்டுக்கும் தானாகச் சேதி போகும்.

3

ஒரு வியாழக்கிழமை, மதியம் மூன்றரைக்கு அந்த விதியில் கோப்பு திறந்தது. பெயர்: மலைச்சாமி. நடந்த நேரம்: நான்கு பத்து.

ஹெப்சிபா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றரை.

(கம்ப்யூட்டர் தெரிந்த நண்பரிடம் கேட்டேன். "ஏதாவது ஒரு கருவியோட கடிகாரம் வேகமா ஓடியிருக்கும்" என்றார். ஹெப்சிபாவும் அதைத்தான் முதலில் பார்த்தாள். எல்லாம் சரியான நேரத்தையே காட்டின. மெஷின் நின்றுவிட்டது என்றது சேதி. அவள் ஓடிப் போய்ப் பார்த்தபோது அது ஓடிக்கொண்டிருந்தது.)

"என்னம்மா, இப்படி ஓடியாறீக?" என்றார் மலைச்சாமி.*

"அண்ணே, வெளிய வாங்க."

"ஷிப்டு முடியட்டும், வாரேன்."

"அண்ணே, உங்க காலைத் தொட்டுக் கேக்கேன். வாங்க."

மேனேஜர் சுப்புராஜ் வந்தார். திரையைப் பார்த்தார், திட்டினார், மறுபடி பார்த்தார். மெஷினை நிறுத்தி, மலைச்சாமியை வெளியே அழைத்து, அறையைப் பூட்டியபோது மணி நான்கு. ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. யாரைத் தூக்கணும் என்று டிரைவர் கேட்டான்.

* இவரை முதலில் குடிகாரராக எழுதினேன். கதைக்கு வசதி. ஆனால் நான் இவரைப் பார்த்ததே இல்லை. அந்த உரிமையை யார் கொடுத்தது?

4

மூவரும் ஹெப்சிபாவின் அறையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார்கள். நான்கு பத்து.

திரையில் ஒரு வரி வந்தது: விதி 41 பொருந்தியது. கோப்பு ஏற்கெனவே திறந்துள்ளது.

ஹெப்சிபா மலைச்சாமி பக்கம் திரும்பினாள். "அண்ணே, உங்க கார்டு எங்க?"

"கழுத்துல கெடந்தா அரிக்கும்மா. உள்ள ஆணியில மாட்டியிருக்கேன்."

அட்டை அசையவில்லை. மெஷின் நின்றிருக்கிறது. கதவு பூட்டியிருக்கிறது. பத்து நிமிடம்.

"நாமதான் சார் செஞ்சிருக்கோம்" என்றாள். "இவுகளைக் காப்பாத்தப் போயி நாமதான்..."

அப்போதுதான் மலைச்சாமியின் மனைவி மாரிச்செல்வி உள்ளே வந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடையில் வேலை. மூன்றரைக்குச் சேதி வந்ததும் கிண்டிய கையோடு பஸ் ஏறியிருக்கிறாள். அழவில்லை. நேராக வந்து புருஷனின் புறங்கையை நகம் பதியக் கிள்ளினாள்.

"வலிக்கா?"

"வலிக்குதுடி."

அதற்குப் பிறகுதான் தரையில் உட்கார்ந்தாள்.

5

முடிவுகள்.

அ) அறையைத் திறந்தபோது, மலைச்சாமி நிற்கும் இடத்தில் பஞ்சுப் பொதி ஒன்று சரிந்து— இல்லை. அறையில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது.

ஆ) ஹெப்சிபா வேலையை விட்டுவிடு— விடவில்லை.

நடந்தது இதுதான். கோப்பை மூடவேண்டும். மூட இரண்டே வழிகளை வைத்திருந்தாள் ஹெப்சிபா: காயம், மரணம். ஒன்றுமே நடக்காமல் கோப்பு திறக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. மறுநாளே மூன்றாவது வழியைச் சேர்த்தாள். அது புதிய கோப்புகளுக்கு மட்டும்தான் செல்லும். பழையது பழைய விதிப்படியே முடிந்தாக வேண்டும்.

"சின்னக் காயம்னு போட்டு மூடிரும்மா" என்றார் சுப்புராஜ்.

மலைச்சாமி தடுத்தார். "வேண்டாம் சார். அது முன்னாடி சொல்லிட்டுப் பொறவுதான நடத்துது?"

ஹெப்சிபா கையை எடுத்துக்கொண்டாள். ஒரு வருடமும் நான்கு மாதமும் ஆகிறது. தினமும் காலையில் திரை கேட்கிறது: காயமா, மரணமா? தினமும் மலைச்சாமி அவள் ஜன்னலில் எட்டிப் பார்க்கிறார். இன்னும் மூடவில்லை என்று அவள் தலையை அசைத்தால்தான் வேலைக்குள் போகிறார்.

6

ராஜபாளையம் வண்டி வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து, கம்பி வழியாகச் சொன்னாள்:

"கதையின்னா முடிக்கணும்பீக. முடிச்சிராதீக, என்ன?"

முடிவு ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். நல்ல முடிவு. எழுத்தாளனாக எனக்கு அது பிடித்திருக்கிறது. அதனால்தான் இங்கே சேர்க்கவில்லை. இந்நேரம் மலைச்சாமி ஷிப்டில் இருப்பார். உங்கள் மனதிலும் இப்போது ஒரு முடிவு வந்திருக்கும். அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டாம்.