தோளில் நாலு வட்டம்

கபடி ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது நடுவர் ஜெயராமன் மகாலட்சுமியைக் கோட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார். அவள் தோளில் கருஞ்சிவப்பாய் நாலு வட்டங்கள், டம்ளரைக் கவிழ்த்து அச்சுக் குத்தியதுபோல.

"படர்தாமரை. எல்லாருக்கும் தொத்திக்கும். நீ ஆடக் கூடாதும்மா."

இறுதி ஆட்டத்தில் மகாலட்சுமி இல்லாமல் செஞ்சி அணி அவலூர்பேட்டையை ஜெயிப்பது நடக்காத காரியம். அந்த வட்டங்களைப் போட்டதே அவள் அணித் தோழி பர்வின்தான். பர்வினின் அம்மா மெஹர் பானு பெண்களுக்கு ஹிஜாமா, அதாவது வலிக்கிற இடத்தில் கப்பு வைத்துக் காற்றை உறிஞ்சும் வைத்தியம், செய்பவர். தோள் பிடித்துக்கொண்டது என்று மகாலட்சுமி முனகியதும், அம்மாவைக் கேட்காமல் கப்புகளை எடுத்து நேற்று மாலை தானே வைத்துவிட்டாள். தடம் கறுக்கக் கறுக்கக் கெட்ட ரத்தம் போகும் என்று எவளோ சொன்னதை நம்பி, ஐந்து நிமிடத்தில் எடுக்க வேண்டியதைப் பதினைந்து நிமிடம் விட்டிருந்தாள்.

"சார், இது வியாதி இல்ல. கப்பு வச்ச தடம். உள்ள காத்த இழுத்தா தோலுக்கு அடியில ரத்தம் கட்டிக்கும், அவ்ளோதான். படர்தாமரைன்னா ஓரம் தடிச்சி செதில் செதிலா இருக்கும். தொட்டுப் பாருங்க."

"தொட்டுட்டு நானும் சொறிஞ்சிக்கினு நிக்கவா?"

"அப்போ உங்க கையிலயே ஒண்ணு வச்சிக் காட்டறேன்."

கூட்டம் விசிலடித்தது. "கையக் குடு சார், பயமா?"

ஜெயராமன் முறைத்துக்கொண்டே கையை நீட்டினார். பர்வின் விளையாட்டுப் பையிலிருந்து கப்பை எடுத்து அழுத்திவைத்து, கைப்பம்பை மூன்று முறை இழுத்தாள். சதை பன் மாதிரி உப்பியது. எல்லோரும் கைக்கடிகாரத்தையே பார்த்தார்கள். ஐந்தாம் நிமிடம் கப்பை எடுத்தாள். சிவப்பாய், சுத்தமான ஒரு வட்டம்.

"சாருக்கும் படர்தாமரை வந்துடுச்சி டோய்!"

ஜெயராமன் அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு மகாலட்சுமியின் தோளைத் தொட்டார். அதே வழவழப்பு.

"ம், உள்ள போ."

முதல் ரெய்டுக்கே மகாலட்சுமி போனாள். அவலூர்பேட்டை ஷோபனா தோளைப் பிடிக்கப் பாய்ந்தாள். வட்டங்கள் முகத்துக்கு நேரே வந்ததும் கை தானாகப் பின்வாங்கியது. அந்த அரை நொடி போதும். மகாலட்சுமி அவளைத் தட்டிவிட்டு நடுக்கோட்டைத் தாண்டினாள்.

"புடிக்க வேண்டியதுதான? இன்னாடி ஆச்சி உனக்கு?" என்று ஷோபனாவிடம் சீறினாள் அவலூர்பேட்டை கேப்டன்.

"பார்த்தேன்க்கா, வியாதி இல்லன்னு தெரியும். கைதான் வரல!"

பர்வின் தொண்டை கிழியக் கத்தினாள்: "மறுபடியும் நீயே போடி, மகா!"