வெர்லீன் வீட்டுத் தண்ணீர்

1927ஆம் வருடத்து வெள்ளம் அமெரிக்காவின் ஆர்க்கன்சாவில் ஒயிட் ஆற்றுத் தாழ்நிலத்து வீடுகளையெல்லாம் விட்டு வடிந்தது. வெர்லீன் பெட்டஸ் வீட்டை விட்டு மட்டும் வடியவில்லை. முற்றம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. வாசற்படிக்கு உள்ளே முழங்கால் அளவுக்குப் பழுப்புத் தண்ணீர் நின்றது. கதவைத் திறந்து வைத்தாலும் ஒரு சொட்டு வெளியே வராது. அவள் அடுப்பையும் கட்டிலையும் செங்கல் மேல் ஏற்றிக்கொண்டாள். கெளுத்தி வேண்டியவர்கள் அவள் சமையலறையில் தூண்டில் போட்டார்கள்.

முற்றத்து ஓக் மரமும் அந்த வருடம் தளிர்க்கவில்லை. கொட்டையைக் கிண்ணம் போன்ற மூடிக்குள் முழுக்க மூடிக்கொள்ளும் ஜாதி அது. அறுத்தால் கோணிக்கொள்ளும் என்று மர ஆலைக்காரர்கள் தொடுவதில்லை. மாதக்கணக்கில் தண்ணீரில் நின்றாலும் சாகாது. மற்ற மரங்கள் பச்சையாகி ஒரு மாதம் போய், இனி வெள்ளம் இல்லை என்று நிச்சயமான பிறகே இலை விடும். அந்த ஜாதி மரங்கள் தளிர்ப்பதைப் பார்த்துத்தான் அங்கே பருத்தி விதைப்பார்கள். ஆறு ஏறியபோது, துப்பாக்கியோடு வந்தவர்கள் கறுப்பு ஆண்களையெல்லாம் ஆற்றுக் கரையை உயர்த்த மண்மூட்டை சுமக்கப் பிடித்துப் போனார்கள். வெர்லீனின் கணவன் ஹோசியா படகில் ஏறும்போது மொட்டையாக நின்ற மரத்தைக் காட்டினான். "அது தளிர்க்கிறதுக்குள்ள வந்துருவேன். சோளரொட்டிய மட்டும் தீய விட்ராத." கரை உடைந்தது. அவன் உடல் கிடைக்கவில்லை.

பாதிரியார் இறுதிச் சடங்கு பற்றிப் பேச வரும்போதெல்லாம் வெர்லீன் மரத்தைக் காட்டினாள். "அவருக்கு இன்னும் நேரமாகல ஐயா." மரம் பட்டுப்போகவும் இல்லை, கீறினால் உள்ளே பச்சை. வருடங்கள் போயின. ஹோசியாவின் அக்கா ஒசெல்லா வீட்டுக்குள் நின்ற தண்ணீரில் கால் அலம்பியபடியே திட்டுவாள்.

"அடியே, என் மாமியார்கூட இவ்வளவு நாள் டேரா போட்டதில்ல. உன் சமையல் இதுக்குப் பிடிச்சுப்போச்சு."

"உங்க தம்பிக்குப் பிடிச்ச சமையல்தானே அக்கா."

ஒரு வசந்தகாலக் காலையில் கட்டிலை விட்டு இறங்கிய வெர்லீனுக்குத் தண்ணீர் கணுக்கால் அளவுதான் இருந்தது. முற்றத்து மரத்தின் கிளை நுனிகளில் மொட்டு விட்டிருந்தது. குறைந்ததை நிரப்ப அவள் வாளியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடினாள். கொண்டுவந்து ஊற்றிய தண்ணீர், எந்தத் தண்ணீரையும் போலப் பலகை இடுக்கில் ஒழுகிப்போனது. ஒசெல்லா வந்து பார்த்தாள். "பைத்தியமாடி உனக்கு?" என்றாள். பிறகு தன் வீட்டுக்குப் போய் இரண்டு வாளிகளோடு திரும்பினாள். சாயங்காலம் வரை இருவரும் தண்ணீர் சுமந்தார்கள். இருந்தும் தரை காய்ந்தது. அடுத்த வாரம் மரம் முழுக்க இலை.

ஊர் பருத்தி விதைத்தது. உடலுக்குப் பதிலாக, ஹோசியா ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போடும் ஷூக்களைச் சவப்பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள். தேவாலயத்தில் வெர்லீன் கறுப்பு உடுத்தி முன்வரிசையில் உட்கார்ந்தாள். முழங்காலுக்குக் கீழே அவள் கால்கள் மட்டும் காயவில்லை; பழுப்புத் தண்ணீர் சொட்டி, காலடியில் தேங்கியது. அதன் பிறகும் அவை காயவே இல்லை. அந்தப் பெஞ்சின் ஓரத்தில் ஒரு பழந்துணி தொங்கவிட்டார்கள். ஒவ்வொரு ஞாயிறும் பாட்டு முடிந்ததும், அவள் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள் குனிந்து தண்ணீரைத் துடைத்துவிடுவார்கள்.