நெட்டையண்ணனின் உயரம்

காலையிலிருந்து ஆட்களை எடைக்கருவியில் ஏற்றி இறக்கி எனக்குக் கால் கடுத்துப்போயிற்று. சரக்குக் கிடங்கின் மருத்துவ அறையில் ஆண்டுக்கொரு முறை இந்தக் கூத்து. எடைக் கிலோவை உயர மீட்டரால் வகு, வந்ததை மறுபடியும் அதே மீட்டரால் வகு. இருபத்தைந்துக்குள் நின்றால் நல்ல பிள்ளை, தாண்டினால் அறிவுரை. கிரேன் ஓட்டுபவர் முப்பதைத் தொட்டால் கீழே இறக்கிவிடுவார்கள், சம்பளமும் கூடவே இறங்கும். சதை எது, கொழுப்பு எது என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

உயரத்தை மட்டும் நாங்கள் அளப்பதில்லை. கழுதை வயதில் எவன் வளரப் போகிறான் என்று, வேலைக்குச் சேர்ந்த அன்று எழுதியதையே பார்த்து எழுதிவிடுவோம்.

மதியத்துக்கு மேல் நெட்டையண்ணன் வந்தார். எங்கள் வாசல் தாழ்வு. கிடங்கில் அவர் ஒருவர்தான் குனிந்து நுழைவார். பாதி ஆயுள் முதுகில் மூட்டை சுமந்த பிறகே கிரேன் இருக்கை கிடைத்தது. போன முறை எல்லை தாண்டியபோது எச்சரித்து விட்டிருந்தார்கள், இதுதான் கடைசி வாய்ப்பு. அரை வயிறு சாப்பிட்டு முகம் ஒட்டிப்போயிருந்தது. தொண்ணூற்றேழரைக் கிலோ, ஒன்று எண்பது உயரம். கணக்குப் போட்டேன். முப்பது புள்ளி ஒன்று. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

"சேரும்போது கூனி நின்னிருப்பேம்மா. உயரத்த இன்னொரு தடவ அளந்து பாரு. அரை சென்டிமீட்டர் கூடினா போதும்."

மூலையில் கிடந்த அளவுகோலைத் தூசி தட்டினேன். அவர் குதிகாலைச் சுவரோடு ஒட்டி, மூச்சைப் பிடித்து நின்றார். ஒன்று எழுபத்தாறு. நம்பாமல் மறுபடி அளந்தேன். அதேதான். கணக்கு முப்பத்தொன்றரைக்கு ஏறியது.

முதுகு வலிக்குமா என்று கேட்டேன். யாருக்குத்தான் வலிக்கவில்லை என்றார். முதுகெலும்பு நசுங்கினால் உயரம் குறையும் என்று நான் படித்திருக்கிறேன். படித்து என்ன, ஒரு வருஷமாவது அளந்தேனா? எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது.

பழைய உயரத்தையே எழுதி, உடுப்புக்கென்று அரைக் கிலோ கழித்தால் அவர் தப்பித்துவிடுவார். ஆனால் அந்தக் குலுங்கும் கிரேன் இருக்கையில் முதுகு மிச்சமும் நொறுங்கும். இரண்டையும் அவரிடமே சொன்னேன்.

"எடைய நான் குறைச்சேன். உயரத்த யாரும்மா குறைச்சாங்க?"

ஒன்று எழுபத்தாறு என்றே எழுதி, எலும்பு மருத்துவரிடம் போகச் சொன்னேன். எனக்கு அழுகை வந்தது. நான் எழுதியதை அவர் தடுக்கவில்லை, திட்டவும் இல்லை. இடுப்பை வளைக்க முடியாமல் நின்றபடியே செருப்பைத் தேடிக் காலை நுழைத்தார்.

"நெட்டையண்ணே, பாஸா?" என்று வெளியே வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள்.

அவர் வாசலில் பழக்கத்தில் தலையைக் குனித்தார். குனியாமலே போயிருக்கலாம்.